மூன்றாவது வரி

போன வாரம் மதுராந்தகத்திலிருந்து ஒரு போன். நாங்கள் பாடப்போகிற கல்யாண மண்டபத்தின் மேனேஜர்.

மேடையில் எத்தனை ஜமக்காளம் விரிக்க வேண்டும், தபலாவுக்கும் ஆர்மோனியத்துக்கும் தனியாக மேடை வேண்டுமா என்று அக்கறையாக விசாரித்தார். எதுவும் வேண்டாம், எங்களிடம் வாத்தியமே கிடையாது என்றேன். அப்படியென்றால் கரோக்கியா என்று கேட்டார். அதுவும் இல்லை, நாலு பேர் வரிசையாக நின்று வாயால் மட்டும் பாடுவோம் என்றேன். அவர் அதை நன்றாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்லயே கீபோர்டு வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்காரு சார். நான் கேட்டா வருவாரு. சொல்லட்டுமா?"

இந்த அனுதாபம் எங்களுக்குப் புதிதில்லை. வாத்தியம் இல்லாமல் பாடினால், பாவம், வாங்க வசதி இல்லை என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஒருமுறை தாம்பரத்தில் ஓர் ஆண்டு விழாவில் பாடி முடித்ததும் ஒரு பெரியவர் மேடைக்கு வந்தார். நன்றாக இருந்தது, கரண்ட் வந்ததும் இன்னொரு தரம் முழுசாகப் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கரண்ட் போகவே இல்லை.

விஷயம் இதுதான். எங்களில் ஒருவர் பாட்டின் மெட்டைப் பாடுவார். மற்ற மூன்று பேரும் அந்த மெட்டைத் தொட மாட்டார்கள். அதோடு ஒத்துப்போகிற மாதிரி ஆளுக்கு ஒரு தனி வழி — கொஞ்சம் கீழே ஒருவர், இடையில் ஒருவர், அடியோடு அடியாக ஒருவர். அவரவர் வழிக்கு எங்கள் பாஷையில் ‘பார்ட்’ என்று பெயர். நாலும் சரியாகச் சேர்ந்தால் தனியாக வாத்தியம் எதற்கு? சேராவிட்டால்... அதையும் பலமுறை செய்து காட்டியிருக்கிறோம்.

அடியோடு அடியாக இருப்பது நான். என் பார்ட்டில் வார்த்தையே இருக்காது. ‘தும்... தும்... தூம்...’ அவ்வளவுதான். வீட்டில் தனியாக ப்ராக்டிஸ் செய்யும்போது மேல் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மோட்டார் போட்டிருக்கிறீர்களா சார், டேங்க் நிரம்பி வழியப்போகிறது என்பார். தனியாகக் கேட்டால் நான் ஒரு மோட்டார். நாலு பேரோடு கேட்டால்தான் நான் பாடகன்.

மெட்டைப் பாடுவது விமலா. பாடியது, என்று எழுத வேண்டும். இன்னும் கை வருவதில்லை.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: விமலா என் மனைவி. சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். இந்தப் பத்தியில் வருஷக்கணக்காக நான் கிண்டல் செய்தது பெரும்பாலும் அவளைத்தான். அவள் திருப்பிச் செய்த கிண்டல்களில் பாதியைக்கூட நான் எழுதியதில்லை. போன வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அப்போது நீங்கள் எழுதிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது?

குழுவை ஆரம்பித்ததும் அவள்தான். அவளும் அதே பள்ளியில் வேலை பார்த்த எஸ்தரும். எஸ்தர் சின்ன வயதிலிருந்து சர்ச் கொயரில் பார்ட் பாடி வளர்ந்தவர். ஒரு வருஷம் டீச்சர்ஸ் டே அன்றைக்கு வர வேண்டிய கீபோர்டு வரவில்லை. அது எதுக்குக்கா, நீங்க பாட்டுக்குப் பாடுங்க, நான் கூடவே கீழே வரேன் என்று எஸ்தர் சொன்னாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த விமலா செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பாடிக் காட்டினாள். அவள் ஒருத்தியே இரண்டு பேராகப் பாடிக் காட்ட முயன்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்து ஜாகிர். கேம்ப் ரோட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விமலா கண்ணாடியை ரிப்பேருக்குக் கொடுக்கப் போனபோது அவர் லென்ஸைத் தேய்த்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மறந்துவிட்டு, அதை இன்னொரு தரம் பாடுங்கள் என்றாளாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஹாலில் இருந்தார்.

நான் எப்படிச் சேர்ந்தேன்? ஹால் என் வீட்டு ஹால். என்னை வெளியே அனுப்ப முடியாததால் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

ஊர் ஊராகப் போய்ப் பாட வேண்டும் என்பதும் விமலாவின் ஆசைதான். வெளிநாடு அல்ல, மயிலாப்பூர்கூட அல்ல. விழுப்புரம் போகிற ரயிலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்டேஷன் பேராக வாசிப்பாள். செங்கல்பட்டு, படாளம், மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம்... "மெட்ராஸ்ல பாடறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. இந்த ஊருக்கெல்லாம் யாருங்க வந்து பாடறாங்க? நாம வரலாமே" என்பாள். வரலாம் வரலாம் என்பேன் நான். அவ்வப்போது எஸ்தர் லீவு இல்லை என்பார், ஜாகிர் சீசன் நேரம் என்பார், எனக்கு முட்டி வலிக்கும். ரயில் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது போகிறோம். இந்தச் சனிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூட ஹால். அதற்கடுத்த வாரம் மதுராந்தகம், அதற்கும் அடுத்த வாரம் திண்டிவனம். எஸ்தரும் ஜாகிரும்தான் அலைந்து ஏற்பாடு செய்தார்கள். விமலா நின்ற இடத்தில் நிவேதா நிற்கிறாள். எஸ்தருக்குத் தெரிந்த பெண். காட்டாங்குளத்தூரில் காலேஜ் லெக்சரர், பொத்தேரியில் ரூம். ஞாயிறு தோறும் ஸ்கூட்டியில் ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்கை நீந்தி எங்கள் வீட்டுக்கு ரிகர்சலுக்கு வருகிறாள். கணீர் என்று பாடுகிறாள். முதல் நாள் அவள் பாடியபோது எனக்கு அவள் மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. அந்த இடத்தில் வேறு குரல் கேட்டதுதான் காரணம் என்று புரிய இரண்டு ஞாயிறு ஆயிற்று.

அந்த நிவேதாதான் ஒரு மாதத்துக்கு முன் ஒரு மெசேஜ் அனுப்பினாள்.

‘அங்கிள், துணிப் பாட்டுக்கு மெட்டு மட்டும் எனக்கு இன்னும் வரல. ஆன்ட்டி பாடின ரெக்கார்டிங் அனுப்புங்க, ப்ளீஸ்.’

துணிப் பாட்டு என்பது விமலா தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட ஒரே பாட்டு. கடைசியாகச் செய்ததும் அதுதான். நாலே வரி.

இருட்டிக்கிட்டு வருது பாரு, மாடியில துணி கிடக்கு
யாரு போய் எடுப்பாங்க, ஆளுக்கொரு வேலை இருக்கு
காத்து வந்து கதவத் தட்டி பேரச் சொல்லிக் கூப்பிடுது
நனைஞ்சாலும் நனையட்டும், நாளைக்கும் வெயில் இருக்கு

எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டையைத்தான் பாட்டாக எழுதியிருந்தாள். மேகம் கூடினால் துணி எடுக்க யார் மாடி ஏறுவது என்பது சேலையூரில் எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதானே? வெளியூரில் பாடுகிற முதல் கச்சேரியில் கடைசிப் பாட்டாக இதைத்தான் பாட வேண்டும் என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவள் இல்லாவிட்டாலும் அவள் பாட்டு திண்டிவனம் வரைக்குமாவது போக வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த வயதில் வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

இதோ அனுப்புகிறேன் என்று நிவேதாவுக்குப் பதில் போட்டுவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன்.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுப் பாட்டு என்றால், விமலா ஒவ்வொருவருக்கும் அவரவர் பார்ட்டைச் சொல்லிக்கொடுப்பாள். அவரவர் தன் பார்ட்டை மட்டும் போனில் பாடிப் பதிந்து குரூப்பில் போட வேண்டும். மறந்துபோனால் கேட்டுக்கொள்ளலாம். குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது அதோடு சேர்ந்து பாடிப் பழகலாம். துணிப் பாட்டுக்கும் அப்படிப் போட்டிருந்தோம். எஸ்தரின் பார்ட் இருந்தது. ஜாகிரின் பார்ட் இருந்தது, பின்னால் கேம்ப் ரோட்டு பஸ் ஹாரன்களோடு. என்னுடைய தும் தும் இருந்தது.

விமலாவுடையது இல்லை.

மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். அப்புறம் கிடைத்தது. அக்கா, உங்க பார்ட் எங்கே என்று எஸ்தர் கேட்டிருக்கிறார். அதற்கு விமலா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அழுத்தினேன். குக்கர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல்: "என்னோடது எனக்குத் தெரியும்டி. உங்களுக்கு எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறாள். அவள் சொன்னதும் நியாயம்தான். மெட்டுப் போட்டவள் அவள். அவளுக்கு எதற்கு ப்ராக்டிஸ் ரெக்கார்டிங்?

அன்று முழுக்கத் தேடினேன். அவள் போன், என் பழைய போன், பள்ளி விழா வீடியோக்கள், எல்லாவற்றிலும். எஸ்தரும் ஜாகிரும் தங்கள் போன்களைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். நாலு பேரும் சேர்ந்து பாடியதை ஒருமுறைகூட நாங்கள் பதியவில்லை. அந்த முதல் கச்சேரியில் வீடியோ எடுப்போமே, இப்போது என்ன அவசரம் என்று இருந்துவிட்டோம். அதாவது, ஒரு பாட்டின் சுற்றுச்சுவர் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டைத் தொலைத்துவிட்டோம். பார்ட் பாடுகிறவர்களைத் தவிர இந்த முட்டாள்தனத்தை வேறு யாராலும் செய்ய முடியாது.

நீங்கள் கேட்பீர்கள். ஏன்யா, ஒரே வீட்டில் இருந்தாய், அவள் பக்கத்திலேயே நின்று பாடினாய், நாலு வரி மெட்டு ஞாபகம் இல்லையா?

நானும் என்னை அதைத்தான் கேட்டேன். வீட்டில் அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் இருப்பாள். ஆனால் நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி. அவளுக்கே திருப்தியாகி மெட்டு நிலைத்தது கடைசிச் சில ரிகர்சல்களில்தான். ரிகர்சலில் நான் எங்கே கேட்டேன்? அடிக்குரல்காரனுக்கு மெட்டு ஒரு ஆபத்து. காதில் விழுந்தால் இழுத்துக்கொண்டு போய்விடும். தும் தும் என்று போகிற நான் என்னை அறியாமல் விமலாவோடு சேர்ந்து மேலே ஏறிவிடுவேன். அதனால் எஸ்தர் எனக்கு கொயர்காரர்களின் ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பக்கத்தில் நிற்பவர் குரல் இழுத்தால், அந்தப் பக்கத்துக் காதில் விரலை வைத்துக்கொள்ள வேண்டும். தன் குரல் மட்டும் மண்டைக்குள் கேட்கும். தப்பாது.

விமலா என் இடது பக்கம் நிற்பாள். நான் இடது காதில் விரலை வைத்துக்கொண்டு பாடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஹாலில் கூடினோம். வழக்கப்படி ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினோம். விசிறி சுற்றினால் ஒருவர் சுருதி இன்னொருவருக்குச் சரியாகக் கேட்காது. எங்கள் சங்கீதத்தில் பாதி வியர்வைதான். அவரவருக்கு ஞாபகம் இருப்பதைப் பாடிப் பார்ப்பது என்று முடிவு. முதலில் ஒரே கூச்சல். ஜாகிர் ஒன்று பாட, எஸ்தர் அது இல்லை என்க, நான் இரண்டும் இல்லை என்க... எது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நிவேதாதான் எங்களை உட்கார வைத்தாள். பாட்டு எப்படிப் போகும் என்று மட்டும் சொல்லுங்கள், யார் எப்போது சேருவீர்கள் என்று கேட்டாள்.

சொன்னோம். முதல் வரியில் விமலாவும் என்னுடைய தும் தும்மும் மட்டும். இரண்டாவது வரியில் எஸ்தர் சேருவார், ஜாகிர் காத்திருப்பார். மூன்றாவது வரியில்தான் ஜாகிரும் வந்து நாலு பேரும் ஒன்றாக, முழுக் குரலில். அந்த வரி வரும்போது எனக்குக் கையில் முடி எழுந்து நிற்கும். நாலாவது வரியில் ஒவ்வொருவராக விலகுவோம். வரி தொடங்கியதுமே முதலில் நிறுத்துவது நான். மற்ற இரண்டு பேரும் அவளுக்குக் கீழே சன்னமாக ஒரே ஸ்வரத்தை ஓம் ஓம் என்று பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடங்குவார்கள். ‘நாளைக்கும் வெயில் இருக்கு’ என்பதை விமலா தனியாகப் பாடி முடிப்பாள்.

"அப்ப, நீங்க பாடின இடத்தை விடுங்க. சும்மா இருந்த இடத்தைப் பாடுங்க" என்றாள் நிவேதா.

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வரி அவர் காத்திருக்கும் வரி. பாடினார். ‘இருட்டிக்கிட்டு வருது பாரு’... கொஞ்சமும் தடுமாறவில்லை. ஜாகிரும் அந்த வரிக்குக் காத்திருந்தவர்தானே, பாதியில் அவரும் சேர்ந்துகொண்டார். அதுதான், அதேதான். இரண்டாவது வரியை ஜாகிர் மட்டும் பாடினார். ‘ஆளுக்கொரு வேலை இருக்கு’ என்ற இடத்தில் விமலா ஒரு சின்ன வளைவு கொடுப்பாள், அதுகூட வந்துவிட்டது. எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் அப்படி ஒரு வளைவு இருந்தது என்றே தெரிந்தது.

நாலாவது வரி என்னுடையது. தும் தும்மை நிறுத்தியதும் விரலை எடுத்துவிடுவேன். அதனால் அந்த வரி எனக்குள் முழுசாக இருந்தது. எங்கள் குழுவில் நான் வார்த்தை வைத்துப் பாடியது அதுதான் முதல் தடவை. அவள் மேலே பாடியதை நான் பாதாளத்தில் பாடினேன். ‘நனைஞ்சாலும் நனையட்டும்’ வரை வந்தேன். அப்புறம் பாட்டு வரவில்லை, அழுகை வந்தது. எஸ்தர் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார், என் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்று.

கொஞ்ச நேரம் கழித்து முடித்தேன். வெயில் இருக்கு என்று.

மிச்சம் மூன்றாவது வரி. காத்து வந்து கதவத் தட்டி...

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வரியில் எங்களில் யாரும் சும்மா இருக்கவில்லை. நாலு பேரும் பாடினோம். யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பாட்டிலேயே சந்தோஷமான இடம் அதுதான். எல்லோரும் சேர்ந்து, முழு மூச்சில், தன்னை மறந்து பாடிய இடம். அது மட்டும் கையில் இல்லை. வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது? அவள் பள்ளிக்கு ஓட, நான் ஆபீஸுக்கு ஓட, ஒரு கை சமையலிலும் ஒரு கை இஸ்திரிப் பெட்டியிலும் இருந்த அந்த வருஷங்கள்... நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு காலைப்பொழுதுகூட முழுசாக ஞாபகம் இல்லை. ஜுரம் வந்து படுத்த நாள் ஞாபகம் இருக்கிறது. கரண்ட் போய் மாடியில் உட்கார்ந்திருந்த நாள் ஞாபகம் இருக்கிறது. சும்மா இருந்த நேரத்தில் காதில் விழுந்ததுதான் மிஞ்சுகிறது.

எனக்கு அந்த வரி வேண்டும். அவள் குரலில் ஒரே ஒரு தரம் கேட்க வேண்டும். வேறு எப்படிச் சொல்வது?

நிவேதா கெட்டிக்காரி. எங்கள் மூன்று பேரின் பார்ட்டையும் சேர்த்து ஓடவிட்டு, அதன் மேல் எந்த மெட்டு உட்காரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு வந்து, ஒன்று பாடிக் காட்டட்டுமா என்று தயங்கியபடி கேட்டாள். பாடினாள். நாங்களும் சேர்ந்து பாடினோம். அழகாக இருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாட்டு தங்குதடையில்லாமல் ஓடியது.

"நல்லாருக்கும்மா" என்றார் ஜாகிர். பிறகு என் பக்கம் திரும்பாமல், "ஆனா இது அக்கா இல்ல" என்றார்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பாவம், ஒரு வாரம் உழைத்திருக்கிறாள். கச்சேரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இதையே வைத்துக்கொள்ளலாம், கேட்பவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நான் சொன்னேன். நிஜமாகவே சொன்னேனா, சமாதானத்துக்குச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

வேண்டாம் என்று சொன்னது நிவேதா.

"இதை நாலு தரம் ப்ராக்டிஸ் பண்ணிட்டோம்னா, உங்க மனசுல இதுதான் ஒட்டிக்கும் அங்கிள். அப்புறம் ஆன்ட்டியோடது வரணும்னாலும் வராது. என்னைக்காவது பஸ்ல போகும்போது, தூங்கி எழும்போது, உங்க மூணு பேர்ல ஒருத்தருக்கு டக்குனு ஞாபகம் வரலாம். அது வர்ற வழியை நான் எதுக்கு அடைக்கணும்?"

சமையலறைக்குப் போய் எல்லோருக்கும் காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். யாரும் சொல்லாமல் குடித்தார்கள்.

ஆக முடிவு இது. முதல் இரண்டு வரிகளை நிவேதா பாடுவாள். மூன்றாவது வரியில் அரை அடி பின்னால் நகர்ந்து வாயை மூடிக்கொள்வாள். நாங்கள் மூன்று பேரும் எங்கள் பார்ட்டை அப்படியே பாடுவோம், மெட்டு இல்லாமல். நாலாவது வரிக்கு அவள் திரும்ப வருவாள். வார்த்தைகள் எங்கள் பார்ட்டில் பாதிதான் இருக்கின்றன. என்னுடையதில் அதுவும் இல்லை. கேட்பவருக்கு நடுவில் ஒரு வரி காணாமல் போன மாதிரிதான் இருக்கும். காணாமல்தானே போயிருக்கிறது?

போன ஞாயிறு சேலையூரில் ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஹாலில் ஒத்திகை மாதிரி பாடிப் பார்த்தோம். மைக் செட் இரும்புலியூர் சேகர். மூன்று ஊருக்கும் அவர்தான் எங்களோடு வேனில் வரப்போகிறார். நாலு ஸ்டாண்டு, நாலு மைக். மின்விசிறியை நிறுத்தலாமா என்று செக்ரட்டரியைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். தலைக்கு மேலே ஆறேழு விசிறி பேய்க்காற்று வீச, பாடினோம்.

மற்ற பாட்டெல்லாம் நன்றாகவே போயின. துணிப் பாட்டு கடைசி. முதல் வரிக்கே ஜனங்கள் சிரித்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா ‘ஆளுக்கொரு வேலை இருக்கு’ என்றதும் பக்கத்தில் இருந்த கணவரை முழங்கையால் இடித்தார். விமலா அதைப் பார்த்திருக்க வேண்டும். அவள் எழுதியதே அந்த இடிக்காகத்தான்.

மூன்றாவது வரி வந்தது, காத்து வந்து கதவைத் தட்டுகிற வரி. நிவேதா பின்னால் நகர்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பாடினோம். நான் இடது காதில் விரல் வைக்கவில்லை. எதற்கு? இழுத்துக்கொண்டு போக அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு கணம், இழுக்காதா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து சேகர் குனிந்தபடி மேடைக்கு ஓடிவந்தார். நிவேதாவின் மைக்கை ‘டொக் டொக்’ என்று தட்டினார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். ஹால் முழுக்கச் சிரித்தது. நாங்கள் எப்படியோ நாலாவது வரிக்கு வந்து சேர்ந்தோம். நிவேதா தனியாகப் பாடி முடித்தாள், நாளைக்கும் வெயில் இருக்கு என்று. சிரிப்பெல்லாம் அடங்கிக் கை தட்டினார்கள். முன் வரிசை அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு சேகர் ஒயரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் வந்தார். அவருக்கு வருத்தம். வேலையில் தப்பு வந்துவிட்டதே என்று.

"இன்னா சார், அந்தப் பொண்ணு வாய் தொறந்து நிக்குது, சத்தம் வரலயேன்னு ஓடியாந்தேன். பாத்தா மைக்கு நல்லாத்தான் கீது. முன்னாடியே சொல்லிக்கினா நான் வந்திருக்க மாட்டேன்ல?"

வாயைத் திறக்கவில்லை, மூடித்தான் நின்றாள், அந்த வரியை அவள் பாட மாட்டாள் என்று விளக்கினேன். அது வேறு ஒருவருடைய வரி என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. விமலாவின் காலத்திலிருந்து எங்களுக்கு மைக் போடுகிறவர்.

ஒயரை முழுசாகச் சுற்றி முடித்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்டார்.

"அப்ப, செங்கல்பட்டுலருந்து அந்த மூணாவது லைனுக்கு மட்டும் அந்த மைக்கை மூடிடட்டா சார்? யாரும் பாடறதில்ல. வெறும் காத்துதான் கேக்குது."

"மூடாதீங்க சேகர்" என்றேன். "கேக்கட்டும்."